ரதியின் கன்னத்தில் சூலம்

எனக்கு முகம் வழிப்பதில் பெரிய ஆசை கிடையாது. தோட்டத்து வேலைக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை போதும். மாசி மாதம் மட்டும் தினமும் வழிப்பேன். ரதிக்குத் தாடி இருக்கக் கூடாது.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், பசறைக்கு மேலே. மாசியில் அங்கே காமன் கூத்து நடக்கும். அமாவாசை கழிந்ததும் காமன் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமி வரை மதனும் ரதியும் வேஷம் கட்டி, தப்பு முழங்க, வரிசை வீடுகளான லயங்கள்தோறும் போய் வாசல்களில் ஆடுவார்கள். கடைசியில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மதனை எரிப்பார். ரதி அழுவாள். ரதி வேஷத்தை ஆண்தான் கட்ட வேண்டும். சில வருடங்களாக அது நான்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. வீட்டிலும் அப்படித்தான்.

"இந்தாளு வாயத் தெறக்க மாசி மாசம் வரணும்" என்பாள் என் மனைவி.

அது உண்மை. மதன் எரிந்ததும் ரதியாக நின்று ஒப்பாரி வைப்பேன். தோட்டமே அழும். கணக்கப்பிள்ளை அழுவார். கங்காணிமார் மூக்கைச் சிந்துவார்கள். வருடம் முழுக்க என்னிடம் "ஏய், அந்தச் செடிய வெட்டு" என்று மட்டும் சொல்கிறவர்கள் அன்று நான் சொல்வதை வாய் மூடிக் கேட்பார்கள். அதற்காக எதையும் பொறுத்துக்கொள்வேன். சீலை, வளையல், சவரம், எல்லாம்.

அது எழுபதுகளின் தொடக்கம். கடைகளில் சாமான் கிடைக்காத காலம். அரிசிக்கு வரிசை, மாவுக்கு வரிசை, துணிக்கு வரிசை. சவர பிளேட் ஒன்று கிடைத்தால் அதைக் கண்ணாடிக் கிளாசின் உள்பக்கம் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கி வைத்துக்கொள்வோம். எங்கள் வீட்டில் பிளேட்டும் தேய்ந்தது, கிளாசும் தேய்ந்தது.

நான் பாவிக்கும் சவரச் சவுக்காரம் வட்டமானது. தகர டப்பாவில் வரும். அந்த வருடம் அது இல்லை. பசறையில் எங்களுக்குப் பழக்கமான கடை ஒரு முஸ்லிம் நானாவுடையது. அவரிடம் கேட்டேன்.

"அது இப்ப வாரதில்ல. கப்பல்ல கொண்டு வாரத நிப்பாட்டிட்டாங்க. இந்தா, இது ஈக்கி."

பச்சை நிறத்தில் ஒரு குச்சியை எடுத்து வைத்தார். பெயர் இருந்த கடதாசி பாதி கிழிந்திருந்தது.

"இது மூஞ்சிக்குத்தானா நானா?"

"வேற எதுக்கு? நுரை வரும் பாருங்க. தொரை மாதிரி ஆயிருவீங்க."

"நான் ரதி மாதிரி ஆகணும்."

"அதுவும் ஆவீங்க" என்றார் நானா. வியாபாரி எதற்கும் ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார்.

கம்பம் ஊன்றிய அன்று மாஸ்டர் எங்களுக்குக் காப்புக் கட்டினார். மாஸ்டர் என்றால் கூத்துப் பழக்குகிறவர். மலையில் அவர் கங்காணி. மாசி மாதத்தில் மட்டும் மாஸ்டர். இரண்டிலும் ஒரே சத்தம்தான் போடுவார்.

காப்புக் கட்டினால் விரதம். இறைச்சி, மீன், கருவாடு தொடக் கூடாது. வீட்டில் படுக்கக் கூடாது. கம்பத்துப் பக்கத்தில் போட்ட பந்தலில் பாயை விரித்துப் படுக்க வேண்டும். தலையணை கிடையாது. உடம்பில் படுகிற துண்டு எல்லாம் மாத்தாக இருக்க வேண்டும். மாத்து என்றால் டோபி வெளுத்துக் கொண்டுவந்து கோயிலுக்குக் கொடுக்கும் சுத்தத் துணி. நான் அதில்தான் முகம் துடைப்பேன். அதைத்தான் மடித்துக் கன்னத்துக்குக் கீழே வைத்துத் தூங்குவேன். மதன் அதை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடுவான்.

முந்திய வருடம் ஒரு மாத்துத் துணி கிளாக்கர் ஐயா வீட்டு உருப்படிகளோடு கலந்துவிட்டது. காமன் மாத்தை மேசையில் விரித்து அங்கே கோழிக்கறி பரிமாறியிருக்கிறார்கள். மஞ்சள் கறையோடு திரும்பி வந்தது. மாஸ்டர் டோபி அண்ணனை ஏசிய ஏச்சு பக்கத்துத் தோட்டத்துக்குக் கேட்டிருக்கும். அதனால் இந்த வருடம் டோபி அண்ணன் எல்லா மாத்திலும் பெரிதாகக் கறுப்புக் குறி போட்டுக் கொண்டுவந்தார்.

"இனி எப்படிக் கலக்குதுன்னு பாக்குறேன்" என்றார்.

மாஸ்டர் தொட்டுக் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டொரு நாள் நன்றாகத்தான் போனது. பகலில் கவ்வாத்து. தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடும் வேலை. அந்தியில் பீலியில் விழும் மலைத் தண்ணீரில் குளித்து, பச்சைக் குச்சியைத் தேய்த்து, முகத்தை வழித்து, மாத்தில் துடைத்து, மாவு பூசி, சீலை கட்டி ஆடப் போவேன். நுரை நன்றாக வந்தது. நானா சொன்னது சரி.

பிறகு ஒரு காலை கன்னம் எரிந்தது. தடவினால் சொரசொரவென்று இருந்தது. அந்தியில் வழித்தபோது பிளேட் போன இடமெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியது போல் இருந்தது. மறுநாள் முகம் சிவந்து தடித்து, பொடிப் பொடியாகக் கொப்புளம். தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் வந்தால் மருந்தடிக்க ஆள் வைப்பார்கள். என் முகத்துக்கு ஆள் இல்லை.

லயத்துப் பெண்கள் முதலில் சிரித்தார்கள்.

"ரதிக்கு இந்த வருஷம் என்னா வெக்கம்! கன்னம் இப்படிச் செவந்திருக்கு!"

"மதனப் பாத்த வெக்கம்."

மதன் தொழிற்சாலையில் வேலை செய்யும் இளவட்டம். அந்த வருடம் அவன் ஆட்டத்தை எல்லோரும் புகழ்ந்தார்கள். இடுப்பை முன்னே வெட்டி, பின்னே வெட்டி, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு புதிதாக ஓர் அடவு போட்டான். மாஸ்டர் பழக்காத அடவு. பெண்கள் கைதட்டினார்கள். அதனால் மாஸ்டர் அதைத் தன் அடவு என்றே ஏற்றுக்கொண்டார்.

நான் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து கொடுக்கும் ஐயா என் முகத்தைத் தொடாமல் பார்த்தார்.

"என்ன சவுக்காரம் போடுற?"

சொன்னேன்.

"அதான். மாத்து."

ஊதா மருந்தைப் பூசிவிட்டார். அன்று ரதி ஊதாவாக ஆடினாள். மேலே மாவைப் பூசினேன். மாவுக்குள்ளிருந்து ஊதா தெரிந்தது. ஒரு கிழவர் என்னைப் பார்த்து, "எமன் வேஷம் இவ்வளவு சீக்கிரமா வருது?" என்று கேட்டார்.

ஞாயிறு பசறைக்கு நடந்து போனேன்.

"நானா, ஒங்க சவுக்காரம் மூஞ்சிய எரிச்சிருச்சு."

"அப்படியா? ஒருத்தரும் சொல்லலியே."

"நீங்க போட்டுப் பாத்தீங்களா?"

"நான் எங்க போட?" என்று தாடியைத் தடவினார். நெஞ்சு வரைக்கும் தாடி. இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

பச்சையைக் கொடுத்துவிட்டு ரோஸ் நிறத்தில் ஒன்று வாங்கி வந்தேன். வாசனைச் சவுக்காரம். அதற்கும் எரிந்தது. வாசனையோடு எரிந்தது.

பிறகு என் மனைவி பிள்ளைக் காம்பராவுக்குப் போனாள். அம்மாக்கள் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே ஆயாவிடம் கெஞ்சிக் குழந்தைச் சவுக்காரத்தில் ஒரு துண்டு வாங்கி வந்தாள்.

"பச்சப் புள்ளைக்கே ஒண்ணும் பண்ணாது. ஒங்க தோலுக்கா பண்ணப் போவுது?"

அதைப் போட்டு வழித்தேன். மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு பொட்டு நுரையும் மிச்சமில்லாமல் கழுவினேன். மாத்தால் நன்றாக ஒற்றி ஒற்றித் துடைத்தேன். சவுக்காரம்தான் குற்றம் என்று இருந்ததால் துடைப்பதில் குறை வைக்கவில்லை. அன்று ஆட்டத்தில் மதன் என் காதருகே குனிந்தான்.

"என்னா மச்சான், பால் வாசம் வருது?"

"ஆடு" என்றேன்.

மறுநாள் காலை முகம் வீங்கியிருந்தது. வலது கண் பாதிதான் திறந்தது. எனக்கு இடது பக்கம் சொத்தைப் பல். அதனால் வலது பக்கம் சாய்ந்தே படுப்பேன். அந்தப் பக்கக் கன்னத்தில் கொப்புளங்கள் ஒன்றாகச் சேர்ந்து வரிசையாக நின்றன. நான் கண்ணாடி பார்க்கவில்லை. மாஸ்டர் பார்த்துவிட்டார்.

பந்தலுக்கு வந்தவர் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"டேய்... சூலம்டா!"

கூட்டம் கூடிவிட்டது. மூன்று கோடு மேலே, ஒரு காம்பு கீழே. கன்னத்தில் சிவப்பாகத் தடித்து நின்றது. சூலம்தான். என் கன்னத்தில் சூலம் இருக்கிறது என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"செவன் குறி வச்சுட்டாரு" என்றார் மாஸ்டர். "வெரதம் கெட்டுப்போச்சு. உண்மையச் சொல்லு. என்னா தின்ன?"

"ஒண்ணும் திங்கல மாஸ்டர்."

"கருவாடா?"

"இல்ல மாஸ்டர்."

"அப்ப முந்தாநேத்து ஒங்க லயத்துப் பக்கம் கருவாட்டு வாசம் வந்துச்சே. நான் மோந்தேன்."

வாசம் வந்தது உண்மை. நானும் மோந்தேன். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து இல்லை. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் என் மனைவி வந்துவிட்டாள். கையில் சட்டி. இன்னொரு கையில் இன்னொரு சட்டி.

"மோந்து பாருங்க! எல்லாரும் மோந்து பாருங்க! காப்புக் கட்டினதுலேருந்து பருப்பும் கீரையும்தான். மோந்து பாருங்க மாஸ்டர்!"

மாஸ்டர் மோந்து பார்த்தார். இரண்டு சட்டியையும். அவர் எதையும் சும்மா விடுகிறவர் இல்லை.

"கழுவின சட்டி" என்றார்.

"பின்னே கழுவாம வச்சிருப்பேனா?"

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மச்சினன் முன்னால் வந்தான். என் மனைவியின் தம்பி. அடுத்த லயத்தில் குடியிருந்தான். ரதி வேஷத்தின் மேல் அவனுக்கு வெகுநாள் ஆசை. ஆள் பார்க்க லட்சணம்தான். பேசினால் தகரக் கூரை மேல் பலாக்காய் விழுகிற சத்தம்.

"மாஸ்டர், சாமி காரியம் நிக்கக் கூடாது. நான் கட்டுறேன். நானும் காப்புக் கட்டின நாள்லேருந்து வெரதம்தான். மனசுக்குள்ள."

"மனசுக்குள்ளயா?"

"வயித்துக்குள்ளயும்தான் மாஸ்டர்."

என் மனைவி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் என்னைப் பார்க்கவில்லை.

மாஸ்டர் என் காப்பை அறுத்தார். மாத்துத் துணிகளையும் வளையலையும் வாங்கி மச்சினனிடம் கொடுத்தார். சீலையையும் கேட்டார். அது என் மனைவியின் சீலை.

"அது குடுக்க முடியாது" என்றாள். "அவன் பொண்டாட்டி சீலையக் கட்டிக்கட்டும்."

நான் வீட்டுக்கு வந்து முன்வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்தேன். தூரத்தில் தப்புச் சத்தம் கேட்டது. இந்த வருடம் ஒப்பாரி எனக்கில்லை. அடுத்த வருடமும் இல்லை. விரதம் கெட்டவன் என்று ஒரு தடவை பெயர் வந்தால் யாரும் திரும்பக் காப்புக் கட்ட மாட்டார்கள். காலையில் பிரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது "இந்தா" என்பதும், வீட்டில் "சரி" என்பதும்தான் இனி என் பேச்சு.

என் மனைவி உள்ளே ஏதோ வறுத்துக்கொண்டிருந்தாள். வாசம் வந்தது. தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். சோறு. கருவாட்டுக் குழம்பு. பொரித்த கருவாடு தனியாக.

"என்னாடி இது?"

"பழி வந்தாச்சு. தின்னுங்க."

தின்றேன். நன்றாக இருந்தது.

காப்பு அறுத்த பிறகு தினமும் வழிக்க வேண்டிய தேவை இல்லை. ஆனால் முளைத்த முடி புண்ணில் குத்தியது. அதனால் வழித்தேன். குழந்தைச் சவுக்காரம் தீர்ந்துவிட்டது. வீட்டில் இருந்தது துணி துவைக்கும் பார் சவுக்காரம் மட்டும். கெட்டது இதற்கு மேல் என்ன கெட இருக்கிறது என்று அதைத் தேய்த்தேன். வழித்தேன். என் மனைவியின் பழைய சீலைக் கிழிசலில் துடைத்தேன்.

முகம் ஆறத் தொடங்கியது.

எனக்கு அதை நம்ப முடியவில்லை. மறுநாளும் கருவாடு. மறுநாளும் பார் சவுக்காரம். வீக்கம் வடிந்தது. கண் முழுதாகத் திறந்தது. சூலத்தின் ஒரு முனை உதிர்ந்தது.

கவ்வாத்து வெட்டும்போது யோசிக்க நேரம் உண்டு. கை தானாக வெட்டும். பச்சைச் சவுக்காரத்துக்கு எரிந்தது. ரோசுக்கும் எரிந்தது. பிள்ளைச் சவுக்காரத்துக்குத்தான் அதிகம் எரிந்தது. வேட்டி துவைக்கிற சவுக்காரத்துக்கு எரியவில்லை. அப்படியானால் சவுக்காரம் இல்லை. கருவாடு தின்னாதபோது சூலம் வந்தது. தின்றதும் போகிறது. அப்படியானால் கருவாடும் இல்லை. பிளேட் அதே பிளேட். தண்ணீர் அதே பீலித் தண்ணீர். முகம் அதே முகம். வேறு என்ன போனது? காப்பு போனது. அது கையில் கட்டியது, கன்னத்தில் இல்லை.

மாத்து போனது.

கத்தியை நிறுத்தினேன். கங்காணி சத்தம் போட்டார். கங்காணி என்றால் மாஸ்டர்தான்.

"என்னா, செடியப் பாத்து ஒப்பாரி வைக்கிறியா?"

"இல்லைங்க" என்று திரும்ப வெட்டினேன்.

வேலை முடிந்து நேராக டோபி அண்ணனிடம் போகத்தான் கிளம்பினேன். அதற்குள் பந்தலில் ஒரே கூச்சல். ஓடிப் போய்ப் பார்த்தேன். என் மச்சினன் மாஸ்டரின் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். முகம் வெந்த பீட்ரூட். அவன் இடது பக்கம் சாய்ந்து தூங்குகிறவன் போலிருக்கிறது. இடது கன்னத்தில் சூலம்.

"மாஸ்டர், மன்னிச்சிருங்க மாஸ்டர்! ஒரே ஒரு துண்டுதான்!"

"என்னாடா துண்டு?"

"கருவாடு மாஸ்டர்."

"எப்ப?"

"நேத்து."

"நேத்தா?"

"முந்தாநேத்தும். காப்புக் கட்டுறதுக்கு முந்தியும் தின்னேன். அன்னைக்கி வந்த வாசம் எங்க வீட்டு வாசம்தான் மாஸ்டர். செவனே, என் மொகத்த எடுத்துராத!"

என் மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். ஒன் வீட்டுல எண்ணெய அவ்வளவு ஊத்தித்தான் பொரிப்பாங்க."

மாஸ்டருக்கு ஒரு பக்கம் கோபம். ஒரு பக்கம் சந்தோஷம். சாமி இரண்டாவது ஆளையும் பிடித்துவிட்டது. காமன் கூத்துக்கு இதைவிடப் பெருமை வேண்டுமா?

"பாத்தீங்களா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "தின்னவன் கன்னத்துல சூலம்!"

நான் முன்னால் போனேன்.

"மாஸ்டர், என் கன்னத்தப் பாருங்க."

பார்த்தார். சூலம் பாதி போயிருந்தது.

"பரிகாரம் பண்ணினியா?"

"இல்ல. கருவாடு தின்னேன்."

"என்னா?"

"நீங்க காப்ப அறுத்ததுலேருந்து தினமும் தின்னுறேன். காலையிலயும் தின்னேன். திங்கத் திங்கச் சூலம் போவுது."

மாத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று அவரை டோபி அண்ணனிடம் கூட்டிப் போனேன்.

டோபி அண்ணன் ஓடைக்கரையில் துணி அடித்துக்கொண்டிருந்தார். நான், மாஸ்டர், மச்சினன், என் மனைவி, பின்னால் பாதி லயம். அவ்வளவு பேர் வருவதைப் பார்த்ததும் அவர் கிளாக்கர் வீட்டு மேசைத் துணியைத்தான் முதலில் ஒளித்தார்.

"அண்ணே, கோயில் மாத்து ஒண்ணு காட்டுங்க."

கொடியில் காய்ந்ததை எடுத்து விரித்தார். மூலையில் கறுப்பாகக் குறி. மூன்று கோடு மேலே. ஒரு காம்பு கீழே. தினமும் அதில் முகம் துடைத்தவன் நான். அதில் படுத்தவன் நான். தொட்டுக் கும்பிட்டு வாங்கியவர் மாஸ்டர். துணியில் இருந்தவரை அது டோபி குறி. ஒருவரும் உற்றுப் பார்க்கவில்லை.

"இது என்னா குறிண்ணே?"

"சூலம். கிளாக்கர் வீட்டுக்கு ரெண்டு புள்ளி. கணக்கப்பிள்ள வீட்டுக்குப் பெருக்கல். கோயில் மாத்துக்கு வேற என்னா போடுறது? சூலந்தான்."

"எதால போட்டீங்க?"

"முந்தி பதுளையிலேருந்து மை போத்தல் வரும். இப்ப அது எங்க கெடைக்கிது? நாட்டு மருந்துக் கடையில சேங்கொட்டை வாங்கி, சாறெடுத்து, சுண்ணாம்பு போட்டு எழுதினேன். அழியவே அழியாது தம்பி. துணி கிழிஞ்சாலும் குறி போகாது. நல்லாப் புடிக்கும்."

"கன்னத்துலயும் நல்லாப் புடிக்கிதுண்ணே."

அவர் என் கன்னத்தைப் பார்த்தார். மச்சினன் கன்னத்தைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"என் மாத்துல குத்தம் சொல்றீங்களா? நானும்தான் தெனம் சேங்கொட்டைய நசுக்கிறேன். என் கைக்கு ஒண்ணுமில்ல. பாருங்க."

காட்டினார். மண்வெட்டிப் பிடி போன்ற கை. அதில் எதுவும் ஏறாது.

"அதான?" என்றார் மாஸ்டர். அவருக்குச் சாமி பக்கமே இருக்க விருப்பம். "சேங்கொட்டைன்னா எல்லாருக்குமில்ல வரணும்? மதனுக்கு வரலயே? அவனும் அதே மாத்துதான்."

எல்லோரும் மதனைத் தேடினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்றான். நின்றபடி இடுப்பை முன்னே வெட்டினான், பின்னே வெட்டினான். கை இடுப்பில் இருந்தது.

"டேய்" என்றேன். "மாத்த அவுறு."

"வேணாம் மச்சான். பொம்பளைங்க இருக்காங்க."

"இடுப்ப மட்டும் காட்டு."

காட்டினான். இடுப்பைச் சுற்றிச் சிவப்பு. தொப்புளுக்குப் பக்கத்தில் சூலம். சொறிந்து சொறிந்து நான்கு முனையாகியிருந்தது.

"ஏன்டா சொல்லல?"

"எல்லாரும் அடவு நல்லாருக்குன்னாங்க" என்றான்.

மாஸ்டர் அப்போதும் விடவில்லை.

"மூணு பேருமே கருவாடு தின்னிருப்பீங்க."

டோபி அண்ணனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. தன் தொழில் மேல் வந்த பேச்சு அவருக்கு. சேங்கொட்டைச் சாறு இருந்த சிரட்டையை எடுத்தார். குச்சியை நனைத்தார்.

"கைய நீட்டுங்க மாஸ்டர். நீங்க சுத்தமானவரு. ஒங்களுக்கு வரலன்னா சாமி குத்தம். வந்தா என் குத்தம். நானே ஒத்துக்கிறேன்."

இத்தனை பேர் முன்னால் மாஸ்டர் கையை இழுக்க முடியாது. நீட்டினார். முழங்கைக்குக் கீழே ஒரு பொட்டு. அவ்வளவுதான்.

அடுத்த இரண்டு நாளும் மாஸ்டர் தோட்டத்தில் யாரிடமும் சத்தம் போடவில்லை. மலையில் ஒரு கையை உயர்த்தியபடியே நடந்தார். என்னைக் கடக்கும்போது அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை. என் மனைவி கேட்டாள்.

"மாஸ்டர், கை எப்படி இருக்கு?"

"வேலையப் பாரு."

"ஒரு வெத்தல மடிச்சுத் தாரேன். அந்தக் கையால வாங்குங்க."

மாஸ்டர் கையை நீட்டவில்லை.

அந்தியில் வீட்டுக்கு வந்தார். இஸ்தோப்பில் உட்காராமல் நின்றார். சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். பொட்டு வைத்த இடத்தில் பெரிய கொப்புளம். அதைச் சுற்றிப் பொடிக் கொப்புளம்.

"நான் தண்ணி கூட அளந்துதான் குடிச்சேன்" என்றார்.

"தெரியும் மாஸ்டர்."

"எரியுது."

"தெரியும்."

பிறகு மடியிலிருந்து மஞ்சள் நூலை எடுத்தார்.

"கைய நீட்டு. நாளைக்கு மறுநாள் எரிப்பு. ஒன் மச்சினன் நேத்து ஒப்பாரி பழகினான். மாடெல்லாம் கத்துது."

"கருவாடு தின்னிருக்கேனே."

"நாந்தான் ஒன் காப்ப அறுத்தேன். அப்புறம் தின்னது கணக்குல வராது. இப்ப குளிச்சிட்டு வா."

குளித்துவிட்டு வந்தேன். காப்புக் கட்டினார். என் மனைவி உள்ளே போய் மிச்சக் கருவாட்டை அவள் தம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். "வெரதம் விட்டவனுக்கு" என்று சொல்லி அனுப்பினாள். பிறகு சீலையை எடுத்து உதறி மடித்து வைத்தாள்.

டோபி அண்ணன் மாத்து எல்லாவற்றிலும் குறி இருந்த மூலையை வெட்டி எடுத்துவிட்டார். அந்த இடத்தில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுத் தைத்தார். பிறகு நான் தோட்டத்தில் இருந்தவரை அந்த நூல் முடிச்சுத்தான் கோயில் குறி. பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தார் என்று அவர் சம்சாரம் சொன்னாள். கிளாக்கர் வீட்டுக்கும் கணக்கப்பிள்ளை வீட்டுக்கும் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. அந்த வருடம் கணக்கப்பிள்ளை அடிக்கடி கழுத்தைச் சொறிந்தார்.

எரிப்பு அன்று பார் சவுக்காரத்தால் முகம் வழித்தேன். நூல் முடிச்சு மாத்தில் துடைத்தேன். எரியவில்லை. மிச்சச் சூலத்தின் மேல் வெள்ளையை இரண்டு தடவை பூசினேன். மதனுக்கு மாஸ்டரே இடுப்பில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டார். எண்ணெய் தடவியதும் சொறிச்சல் அடங்கியது. சொறிச்சல் அடங்கியதும் ஆட்டமும் போய்விட்டது. பெண்கள், "என்னா, மதன் இன்னைக்கி மரம் மாதிரி நிக்கிறான்?" என்று கேட்டார்கள்.

விடிகிற நேரம் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார். கம்பத்தில் வைக்கோல் பற்றியது. மதன் சாய்ந்து விழுந்தான். தப்பு நின்றது. பனி இறங்கிக்கொண்டிருந்தது. பசறைப் பக்கம் முதல் பஸ் மலை ஏறும் சத்தம் மட்டும் கேட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கணக்கப்பிள்ளை கண் துடைக்க லேஞ்சியை எடுத்துத் தயாராக வைத்திருந்தார்.

நான் மதன் தலையை மடியில் வைத்தேன். தொண்டையைத் திறந்தேன்.

அந்த வருடம் ஒப்பாரி எனக்கு நன்றாக வந்தது. இனி வராது என்று நினைத்தது திரும்ப வந்தால் அப்படித்தான் வரும். முதல் அடிக்கே பெண்கள் பக்கம் விம்மல் கேட்டது. மாஸ்டர் கட்டுப் போட்ட கையால் கண்ணைத் துடைத்தார். மச்சினன் ஊதா மருந்து பூசிய முகத்தோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவனும் அழுதான். நல்ல மனம்தான் அவனுக்கு. நாக்குத்தான் சரியில்லை.

நான் எழுந்து சிவனைப் பார்த்துக் கையை நீட்டினேன். ரதி நியாயம் கேட்கும் இடம்.

"என் ராசா என்ன குத்தம் செஞ்சாரு? இப்படி எரிச்சீங்களே, என்ன குத்தம் செஞ்சாரு, சொல்லுங்க சாமி!"

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. தெளிவாக வந்தது.

"கருவாடு தின்னாரு!"

லயமே சிரிப்பில் வெடித்தது. கணக்கப்பிள்ளை லேஞ்சியை வாயில் அடைத்தார். தப்படிக்கிறவர்கள் தப்பின் மேல் விழுந்தார்கள். சிவனுக்கு நெற்றிக்கண் கழன்று மூக்கில் தொங்கியது. செத்துக் கிடந்த மதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். மச்சினன் எழுந்து கூட்டத்துக்குள் மறைந்தான். மாஸ்டர், "யாரு? யாரது?" என்று கத்தினார். கத்தும்போதே சிரித்துவிட்டார்.

யாரென்று எனக்குத் தெரியும். அந்தக் குரல்காரியின் சீலையைத்தான் கட்டியிருந்தேன்.

ரதி சிரிக்கக் கூடாது. நான் அடுத்த அடியை எடுத்து அழுதேன்.